யூரியாவை ஓவனில் வைத்து ஈரப்பதம் பார்க்கலாமா?

மணலிக்கு அருகில் கலப்பு உரம் தயாரிக்கும் சிறிய நிலையம் ஒன்றில் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்பவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரே யூரியா மாதிரிக்கு, 120 டிகிரியில் அமைத்த ஹாலஜன் ஈரப்பதத் தராசு (விளக்கின் சூட்டில் உலர்த்திக்கொண்டே எடை பார்க்கும் கருவி) 1.6 சதவீதம் என்று காட்டுகிறது. 100 டிகிரி ஓவனில் ஐந்து மணி நேரம் வைத்தால் 0.9 சதவீதம் வருகிறது. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, சூடாக்காமல் வேதிவினை மூலம் நீரை மட்டும் அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் 0.4 சதவீதம் என்று அறிக்கை வந்திருக்கிறது. இவற்றில் எதை நம்புவது, எல்லா உரங்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரே முறை உண்டா, இதற்காகப் புதிய கருவி வாங்கத்தான் வேண்டுமா என்பது அவருடைய ஐயம்.

யூரியாவைப் பொறுத்தவரை 0.4 என்பதையே நம்ப வேண்டும். மற்ற இரண்டும் தவறான அளவீடுகள் என்று சொல்ல மாட்டேன். அவை வேறொன்றைச் சரியாக அளந்திருக்கின்றன. ஓவனும் ஹாலஜன் தராசும் அளப்பது எடை இழப்பை மட்டுமே. சூடாக்கும்போது மாதிரியிலிருந்து வெளியேறியது நீர்தானா, அம்மோனியாவா, வேறு ஏதாவதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி தராசுக்கு இல்லை. மணலை உலர்த்தும்போது இந்த வேறுபாடு பெரிதல்ல. வெளியேறுவதற்கு நீரைத் தவிர அதில் எதுவும் இல்லை. உரங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல.

யூரியா சுமார் 133 டிகிரியில் உருகும். உருகும் அளவுக்குச் சூடேறும் முன்பே அது மெல்லச் சிதையத் தொடங்கிவிடுகிறது: இரண்டு யூரியா மூலக்கூறுகள் சேர்ந்து பையூரெட்டாக மாறும்போது ஓர் அம்மோனியா மூலக்கூறு வெளியேறுகிறது, மாதிரியில் இருக்கும் ஈரமே யூரியாவுடன் வினைபுரிந்து அம்மோனியாவும் கரியமில வாயுவுமாகப் பிரிந்து போவதும் உண்டு. ஓவனில் வைத்த யூரியாவுக்கு மாறா எடை (இனிக் குறையாமல் நிற்கும் எடை) கிடைக்காமல், ஒவ்வொரு மணி நேரமும் சில மில்லிகிராம் குறைந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஹாலஜன் தராசில் நிலைமை இன்னும் மோசம். அங்கே விளக்கின் வெப்பம் குறுணைகளின் மேற்பரப்பில் நேரடியாக விழுகிறது. திரையில் 120 என்று தெரிந்தாலும் மேலடுக்குக் குறுணைகள் அதைவிடக் கூடுதலாகச் சூடாகியிருக்கலாம். வெப்பநிலையைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் ஆகாது. குறுணையின் உள்ளே சிக்கிய நீர் குறைந்த வெப்பத்தில் வெளியே வரப் பல மணி நேரம் பிடிக்கும், கருவியோ எடை குறையும் வேகம் தணிந்தவுடன் அளவீட்டை முடித்துவிடும்.

இந்தப் பிழை ஈரப்பதத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவுக்கு ஈரப்பதம் அதிகபட்சம் 1.0 சதவீதம், பையூரெட் அதிகபட்சம் 1.5 சதவீதம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தபட்சம் 46.0 சதவீதம் என்று வரையறுக்கிறது. இதில் தழைச்சத்து, ஈரத்தைக் கழித்த உலர் எடை அடிப்படையில் கணக்கிடப்பட வேண்டும். தூய யூரியாவில் நைட்ரஜன் 46.65 சதவீதமே இருப்பதால், தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையே இருக்கும் இடம் மிகக் குறுகியது. ஒரு மாதிரியில் உள்ளபடியே பார்த்த தழைச்சத்து 45.7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஈரப்பதம் 0.4 என்றால், உலர் எடையில் தழைச்சத்து 45.88, மாதிரி 46.0-ஐ எட்டவில்லை. அதே மாதிரிக்கு உங்கள் ஓவன் தரும் 0.9-ஐப் போட்டுக் கணக்கிட்டால் 46.12 வரும், எட்டாத சரக்கு எட்டியதாகிவிடும். அம்மோனியா இழப்பை ஈரம் என்று எழுதிக்கொண்டதால், இல்லாத தழைச்சத்து காகிதத்தில் முளைத்துவிடுகிறது. ஈரப்பதத்தைக் கூடுதலாகக் காட்டினால் பாதுகாப்பான பக்கம்தானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது டி.ஏ.பி. எனப்படும் டை அமோனியம் பாஸ்பேட். இதைச் சூடாக்கினால் ஒரு பங்கு அம்மோனியாவை இழந்து மோனோ அமோனியம் பாஸ்பேட்டாக மாறும் போக்கு உண்டு. 70 டிகிரியைத் தாண்டினாலே அந்த இழப்பு கணக்கில் எடுக்க வேண்டிய அளவுக்கு வந்துவிடும். டி.ஏ.பி. மாதிரியையும் சூப்பர் பாஸ்பேட் மாதிரியையும் ஒரே ஓவனில் ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒன்று விடும் அம்மோனியாவை மற்றொன்றில் இருக்கும் தனி அமிலம் பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு முடிவுகளும் கெட்டுப்போகும். அமோனியம் நைட்ரேட் அடங்கிய உரங்களை ஓவனில் வைப்பதே கூடாது. அவை சிதைவது ஒருபுறமிருக்க, கரிமப் பொருள்கள் கலந்திருந்தால் அது விபத்துக்கும் வழிவகுக்கும்.

சூடு தாங்காத இத்தகைய உரங்களுக்காகவே வெற்றிட டெசிகேட்டர் (காற்று நீக்கிய உலர்த்தும் கலம்) முறை இருக்கிறது. சுமார் 2 கிராம் மாதிரியை அகலமான எடைக்குப்பியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மெக்னீசியம் பெர்குளோரேட் அல்லது பாஸ்பரஸ் பென்டாக்சைடு போன்ற வலுவான உலர்த்தியின் மேல், 25 முதல் 30 டிகிரியில், வெற்றிடத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து எடை இழப்பைப் பார்ப்பது அது. மாலையில் வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் முடிவு கிடைக்கும். செலவு குறைவு, திறமையும் அதிகம் வேண்டாம். அவசரமாக லாரியை அனுப்ப வேண்டியிருக்கும்போது மட்டும் உதவாது. நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை உலர்த்தியாகப் போட்டு இந்தச் சோதனையைச் செய்ய முயல வேண்டாம். சூடான குப்பிகளை ஆறவைக்க அது போதும், உரத்திலிருந்து நீரை இழுத்தெடுக்கும் வலு அதற்குப் போதாது. பெர்குளோரேட் வீரியமான ஆக்சிஜனேற்றி என்பதால், எண்ணெய், கிரீஸ், பஞ்சு போன்றவை அதன் அருகில் வரக்கூடாது.

சூப்பர் பாஸ்பேட்டில் சிக்கல் வேறு விதமானது. அதில் இருக்கும் மோனோ கால்சியம் பாஸ்பேட் தன் படிகத்துக்குள் ஒரு மூலக்கூறு நீரைக் கட்டி வைத்திருக்கிறது. ஜிப்சம் இருந்தால் அதில் இரண்டு மூலக்கூறு. 100 டிகிரிக்கு அருகில் இந்தப் படிக நீரும் ஓரளவு வெளியேறத் தொடங்கும். ஓவன் ஓரிரண்டு டிகிரி கூடக் குறைய இருந்தாலே முடிவு மாறுவதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். ஆகவே ஓவன் சொல்வது ஒட்டியிருக்கும் ஈரமும் படிக நீரின் ஒரு பகுதியும் சேர்ந்த தொகை. இருந்தாலும் சூப்பர் பாஸ்பேட்டுக்கு ஓவனையே பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். தூள் வடிவ சூப்பருக்கு 12 சதவீதம், குறுணை வடிவத்துக்கு 5 சதவீதம் என்னும் வரம்புகள், 99 முதல் 101 டிகிரிக்குள் சுமார் ஐந்து மணி நேரம் உலர்த்தும் அந்த முறையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. வரம்பு எண்ணையும் அளவிடும் முறையையும் பிரித்துப் பார்க்கவே கூடாது என்பது என் கருத்து. மேலான கருவியில் அளந்தேன், அதனால் என் எண்தான் சரி என்று ஒருவர் சொன்னால், எந்த வரம்போடு அதை ஒப்பிடப் போகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

துத்தநாக சல்பேட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நுண்சத்துக் கலவை தயாரிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் அது. ஏழு மூலக்கூறு நீர் கொண்ட துத்தநாக சல்பேட்டின் எடையில் ஏறக்குறைய 44 சதவீதம் படிக நீர்தான். அதை ஓவனில் வைத்து 35 சதவீதம் ஈரம் என்று அறிக்கை எழுதுவதில் பொருளே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது துத்தநாகத்தின் அளவை.

பொட்டாஷும் அமோனியம் சல்பேட்டும் தொல்லை தராதவை. 130 டிகிரியில் மாறா எடை வரும்வரை உலர்த்தினால் போதும். பொட்டாஷ் படிகங்களுக்குள் அடைபட்ட நீர் சூட்டில் வெடித்துத் துகள்கள் தெறிக்கக்கூடும் என்பதால், மூடியைக் குப்பியின் மேல் சற்றே சாய்த்து வையுங்கள். பொட்டாஷுக்கு வரம்பு 0.5 சதவீதம், அமோனியம் சல்பேட்டுக்கு 1.0 சதவீதம். 2 கிராம் மாதிரியில் 0.5 சதவீதம் என்பது 10 மில்லிகிராம். ஆகவே நான்கு தசம இடம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இனி கார்ல் ஃபிஷர் முறைக்கு வருவோம். ஜெர்மானிய வேதியியலாளரான கார்ல் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட இந்த முறையின் அடிப்படை எளியது: மெத்தனாலில், ஒரு காரத்தின் முன்னிலையில், சல்பர் டை ஆக்சைடும் அயோடினும் நீர் இருந்தால்தான் வினைபுரியும், ஒரு மூலக்கூறு நீருக்கு ஒரு மூலக்கூறு அயோடின் செலவாகும். எவ்வளவு அயோடின் செலவானது என்று தெரிந்தால் எவ்வளவு நீர் இருந்தது என்பது தெரிந்துவிடும். மாதிரியைச் சூடாக்கத் தேவையில்லை; நீர் மட்டுமே வினையில் பங்கெடுப்பதால் அம்மோனியா இழப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை. யூரியா மெத்தனாலில் நன்றாகக் கரைவதால் குறுணைக்குள் இருக்கும் நீரும் முழுமையாக வெளிப்படுகிறது. பழைய கரைசல்களில் பிரிடின் இருந்தது, அதன் நாற்றம் ஆய்வகத்தை விட்டு வீடு வரைக்கும் தொடரும். இப்போது இமிடசோல் சேர்த்த கரைசல்கள் கிடைக்கின்றன.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. கார்பனேட்டுகள், ஆக்சைடுகள், ஹைட்ராக்சைடுகள் ஆகியவை கரைசலோடு வினைபுரிந்து தாமே நீரை உண்டாக்கும். ஃபெர்ரிக், குப்ரிக் உப்புகள் வினையில் உண்டாகும் அயோடைடை மறுபடியும் அயோடினாக்கிக் கணக்கைக் குழப்பும். ஆகவே கார்பனேட் வகைக் கல்லான டோலமைட்டை நிரப்பியாகச் சேர்த்த கலவைக்கும், இரும்பு, தாமிரச் சத்து சேர்த்த நுண்சத்துக் கலவைக்கும் இதை அப்படியே பயன்படுத்த முடியாது. படிக நீரையும் இது விட்டுவைக்காது. கரைசலின் வலுவைக் கணிக்க நாம் பயன்படுத்தும் சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட்டே, தன் எடையில் 15.66 சதவீதமாக இருக்கும் படிக நீரைத்தான் அளவுகோலாகத் தருகிறது.

சென்னையில் இந்தச் சோதனையைச் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்று, ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 23 மில்லிகிராம் நீரைச் சுமந்திருக்கும். 0.4 சதவீத ஈரம் கொண்ட யூரியாவை 2 கிராம் எடுத்தால், அதில் இருக்கும் மொத்த நீரே 8 மில்லிகிராம்தான். மாதிரியைப் போடுவதற்காக, அயோடின் வினை நடக்கும் டைட்ரேஷன் கலத்தின் மூடியைத் திறக்கும்போது 100 மில்லி வெளிக்காற்று உள்ளே புகுந்தால் 2 மில்லிகிராமுக்கு மேல் நீர் சேர்ந்துவிடும். உங்கள் முடிவில் நான்கில் ஒரு பங்கு எண்ணூர்க் கடற்காற்றின் கொடையாக ஆகிவிடும். ஆகவே மாதிரியைத் தாளில் எடுத்துக் கொட்டாமல், மூடியுள்ள சிறு எடைக்கரண்டியில் வைத்து, போடும் முன்னும் பின்னும் அதையே எடை போட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி இல்லாமல், அதே நேரம் மூடியைத் திறந்து மூடி வெற்றுச் சோதனை ஒன்றைச் செய்து அந்த அளவைக் கழித்துவிடுங்கள். காற்று நுழையும் குழாய்களில் உள்ள உலர்த்தியை ஊர்ப் பழக்கப்படி மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளாமல், நிறம் மாறத் தொடங்கியதுமே மாற்ற வேண்டும். கரைசலின் வலுவையும் அன்றன்று காலையில் கணித்துக்கொள்வது நல்லது.

கருவியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என் கணிப்பில் பெரும்பாலான தகராறுகள் கருவிக்கு முன்பே, மாதிரி எடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. ஒவ்வோர் உப்புக்கும் ஓர் எல்லை ஈரப்பதம் உண்டு; சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் அதைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். 30 டிகிரியில் அது யூரியாவுக்கு சுமார் 72 முதல் 75 சதவீதம், டி.ஏ.பி.க்கு சுமார் 83, பொட்டாஷுக்கு 84, அமோனியம் நைட்ரேட்டுக்கு 59. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று நாள் முழுவதும் யூரியாவின் எல்லைக்கு மேலேயே நிற்பது சாதாரணம். மற்ற மாதங்களிலும் விடியற்காலையில் அதைத் தாண்டிவிடும். எனவே மூட்டைகளில் மாதிரி எடுப்பதை முற்பகல் முதிர்ந்து, கடற்காற்று இறங்குவதற்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. மழையோ வெயிலோ படும் இடத்தில் மாதிரி எடுக்கக்கூடாது, கருவிகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையே சொல்கிறது. அடுக்கின் அடியில் தரையை ஒட்டிக் கிடக்கும் மூட்டைகளை மட்டும் குத்தி எடுத்துவிட்டு முழுச் சரக்கும் ஈரம் என்பதும், மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். மாதிரி எடுக்கும் துளைக்குழாயை மூட்டையின் மூலைக்கு மூலை சாய்வாகச் செலுத்தி எடுங்கள்.

குளிரூட்டிய அறை நல்லதுதான். அங்கே ஒப்பு ஈரப்பதம் யூரியாவின் எல்லைக்குக் கீழே இருப்பதால் பொடிப்பதையும் எடை போடுவதையும் அங்கேயே செய்யலாம். பொடிப்பதைக் கூடியவரை விரைவாக முடிக்க வேண்டும்; பொடித்த உரத்தின் பரப்பு பெருகுவதால் ஈரத்தை இழுப்பதும் விடுவதும் வேகமாக நடக்கும். கவனிக்க வேண்டியது வெளியே வரும்போது. 30 டிகிரி, 75 சதவீதக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீர் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 25 டிகிரி. 22 டிகிரியில் இருந்த மாதிரிக் குப்பியைக் கிடங்குக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால், குப்பியின் சுவரிலும் குறுணைகளின் மேலும் காற்றின் நீர் படியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

நீங்கள் கலப்பு உரம் செய்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாங்கிய யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தும், கலந்த இரண்டாம் நாளில் மூட்டை நசநசவென்று ஆகி, பிறகு கல்லாக இறுகுவதுண்டு. வெளியிலிருந்து ஒரு துளி நீரும் சேராமலேயே இது நடக்கும்: மோனோ கால்சியம் பாஸ்பேட் கட்டி வைத்திருந்த படிக நீரின் இடத்தை நான்கு யூரியா மூலக்கூறுகள் பிடித்துக்கொள்ள, அந்த நீர் விடுபட்டு ஈரமாக வெளிவருகிறது. இரண்டு உப்புகள் சேர்ந்தால் எல்லை ஈரப்பதமும் தாழ்ந்துவிடும். யூரியாவும் அமோனியம் நைட்ரேட்டும் சேர்ந்தால் அது 18 சதவீதத்துக்கு இறங்குகிறது, அதாவது சென்னையில் எந்த நாளிலும் அந்தக் கலவை உலர்ந்திருக்க வழியில்லை. யூரியா சேர்ந்த சூப்பர் கலவைக்கு ஓவன் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ஈரம் கூடவில்லை என்று வாதிடுவது வீண். கலப்பதற்கு முன்பே படிக நீராக இருந்ததை ஓவன் ஓரளவு எண்ணியிருக்கும். இத்தகைய கலவையை அனுப்புவதற்கு முன், மூடிய பாட்டிலில் ஒரு வாரம் வைத்து அதன் போக்கைக் கண்ணால் பார்ப்பது எந்த எண்ணைவிடவும் அதிகம் சொல்லும்.

கருவி வாங்குவதைப் பற்றி: மாதம் சில யூரியா மாதிரிகள் மட்டும் என்றால் வெளி ஆய்வகத்துக்கே அனுப்பலாம். ஒவ்வொரு லாரியையும் பார்க்க வேண்டும் என்றால், தானியங்கி பியூரெட்டும் இரட்டைப் பிளாட்டினம் மின்முனையும் கொண்ட, அயோடின் கரைசலைச் சொட்டாக விடும் வகை கார்ல் ஃபிஷர் கருவி போதும்; மின்னோட்டத்தால் அயோடினை உண்டாக்கும் கூலோமெட்ரிக் வகை மிக நுண்ணிய ஈரத்துக்கானது, உரத்துக்கு அது தேவையில்லை. ஹாலஜன் தராசை விற்றுவிடாதீர்கள். பொட்டாஷுக்கும் சூப்பருக்கும் ஓவன் முடிவோடு சில மாதிரிகளை ஒப்பிட்டு வெப்பநிலையையும் நேரத்தையும் அமைத்துக்கொண்டால், உற்பத்தியின்போது பத்து நிமிடத்தில் நிலவரம் தெரிந்துகொள்ள அது உதவும். எந்த முறையில் பார்த்தாலும், அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் முறையின் பெயரையும், வெப்பநிலையையும், மாதிரி எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். மத்திய உரத் தரக்கட்டுப்பாட்டு நிறுவனத்துக்குச் சென்னையில் வட்டார ஆய்வகம் இருக்கிறது. ஒரு சரக்கின் மேல் தகராறு எழுந்து மாதிரி அங்கே போகும் நிலை வந்தால், உங்கள் 0.9-உம் அவர்களுடைய 0.4-உம் ஏன் வேறுபடுகின்றன என்பதை விளக்க அந்த ஒரு வரி உங்களுக்குத் தேவைப்படும்.